கீழ்வீட்டு டிவியில் ஊர்ந்த நண்டு

அத்தியாயம் 9

"மேடம், இந்த லிஃப்டை யார் கொன்னாங்கன்னு கண்டுபிடிச்சா அதுவே ஒரு தனி கேஸ்" என்றான் ரேடியோ, இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியபடி.

"உன்னை மாதிரி ஒருத்தன் ஏறியிருப்பான்" என்றார் மேடம், திரும்பிப் பார்க்காமலே.

நாற்பதைத் தாண்டி, முன்மண்டையில் முடியைத் தியாகம் செய்து, இடுப்பில் அதை ஈடுகட்டிக்கொண்ட அந்த உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவரே மேடம்தான். நிறுத்துகிற பொத்தானை மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள் என்பது அவருடைய புகார். மேடமோ ஒரு காலத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கோர்ட்டில் வாதாடியவர். எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடும் நீதிபதிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வாதாடுவதைவிடத் தேடுவதே மேல் என்று துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார்.

கேஸ் இதுதான். டிபன் டப்பா அளவுக் கம்ப்யூட்டரை வீட்டு டிவியில் சொருகி, பாட்டுக் கேசட்டில் புரோகிராமைப் பதிந்துவைத்து விளையாடிய காலம் ஒன்று இருந்ததல்லவா? அந்தக் காலத்தில் இந்த நகரத்தில் எழுதப்பட்ட முதல் வீடியோ கேமுக்குப் பெயர் 'நண்டு'. மேலிருந்து சிப்பி விழும், நண்டு தப்பித்து வளைக்குள் ஓட வேண்டும், அவ்வளவுதான் கதை. அதை நான்தான் எழுதினேன் என்று சொல்லி ஒருவர் போட்டியில் பரிசு வாங்கி, கேம் கம்பெனி கட்டி, சேர்மன் ஆகி, சேர்மனுக்கு உண்டான தொப்பையும் வளர்த்துவிட்டார். நாளைக் காலையில் புதிதாகத் திறக்கப்போகும் கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்தில், அவர் பெயர் வெட்டிய பித்தளைப் பலகையைச் சுவரில் ஏற்றப்போகிறார்கள்.

ஏற்றாதீர்கள், அது என் நண்டு என்று ஒரே ஒரு குரல்தான் எழும்பியிருந்தது. அது சேர்மனுடைய சொந்த அக்காவின் குரல். தொழில், பல் டாக்டர்.

"இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன். எல்லார் வாயையும் திறக்கச் சொல்ற பொழைப்புல இருந்துகிட்டு!" என்றுதான் டாக்டர் மேடத்தின் ஆபீசுக்கு வந்த அன்றைக்கு ஆரம்பித்தார். சென்ற மாதம் அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த வங்கி மேனேஜர் ஒருவர், கைப்பேசியில் அந்த நண்டையே ஆடிக்கொண்டிருந்தாராம். இது நான் எழுதினதுங்க என்று டாக்டர் சொல்ல, வாய்க்குள் பஞ்சும் குழாயுமாகக் கிடந்த மனிதர் அந்த நிலையிலும் சிரித்தாராம். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் கணவரும் சிரித்தார், மகளும் சிரித்தாள். "காசு பணம் ஒண்ணும் வேண்டாம். நான் பொய் சொல்றவ இல்லேன்னு அந்தப் பலகை சொன்னாப் போதும்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்ததை மறைக்க, எதிரே இருந்த ரேடியோவின் கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருப்பதாகக் கண்டுபிடித்தார்.

கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. சேர்மன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பழைய சாமான்களில் ஒரு கேசட். மேலே 'நண்டு - கடைசி' என்று கொட்டை எழுத்து. யார் கையெழுத்து என்று கேட்காதீர்கள், கொட்டை எழுத்தில் எல்லோரும் அண்ணன் தம்பிதான். அந்தக் கேசட்டை எந்த மெஷினில் போட்டாலும் கம்ப்யூட்டருக்குள் ஏறவில்லை. செத்துப்போன டேப் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டார்கள்.

டாக்டரோ அடித்துச் சொன்னார். "அந்தக் கடைசி டேப்புல இருக்கறது வேற நண்டு. அடிபட்டா சாகாது. ஒரு கால் போயிடும், நொண்டி நொண்டி நடக்கும். உலகத்துல யாரும் அதைப் பார்த்ததில்ல, ஏன்னா தம்பி போட்டிக்கு அனுப்பினது பழைய டேப்பை. கடைசி டேப்பை ஓட்டிக் காட்டுங்க, நண்டு நொண்டலேன்னா நானே பலகைக்குப் பாலிஷ் போடறேன்."

அருங்காட்சியகத்தின் காப்பாளர் எந்நேரமும் வெள்ளைக் கையுறையோடு திரிபவர்; அதனால் ரேடியோ அவருக்குக் கையுறை என்றே பெயர் வைத்திருந்தான். அவரும் நியாயமான மனிதர்தான். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நண்டு நொண்டினா பலகையில பேரை மாத்தறேன்" என்று சொல்லிவிட்டார். "அந்த மாதிரி நண்டே கிடையாது, அக்கா கனவு கண்டிருப்பா" என்று சேர்மன் சிரித்தார்.

சரி, ஓட்டுவது எப்படி? அதற்கும் டாக்டரே வழி சொல்லியிருந்தார். கடையில் வாங்கிய கேம் கேசட் ஏறாமல் அடம்பிடித்தால், அந்தக் காலத்துப் பிள்ளைகள் டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் படிக்கிற தலைக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகாணியைத் திருகுவார்கள். ஏறுகிறவரை திருகுவார்கள். அப்படித் திருகித் திருகி ஒவ்வொரு வீட்டு ரெக்கார்டருக்கும் தலை ஒவ்வொரு பக்கம் சாய்ந்துபோகும். "தலையைச் சாய்ச்சுப் பதிஞ்சதை, அதே அளவு தலையைச் சாய்ச்சாத்தான் படிக்க முடியும். எங்க ரெக்கார்டர் கிடைச்சா டேப் பேசும்." வீடு காலி செய்தபோது அம்மா அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். யாருக்கு என்பது தெரியாது. கேட்க இப்போது அம்மாவும் இல்லை.

அதனால்தான் மேடமும் ரேடியோவும், அக்காவும் தம்பியும் வளர்ந்த அந்தப் பழைய குடியிருப்பின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீடு இருந்த மாடியில் இப்போது கணக்குத் தணிக்கை ஆபீஸ். அதற்கு நேர் கீழ்வீட்டில் மட்டும் ஆள் மாறவில்லை என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார்.

கதவுக்கு வெளியிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. பாடியவர் தலையோடு கால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடினாற்போல் ஒரு மொத்தைச் சத்தம்.

"பாடகருக்கு ஜலதோஷம் போல" என்றான் ரேடியோ.

அழைப்பு மணியை அழுத்தப் போன மேடத்தின் விரல் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் காதைக் கதவில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அழுத்தினார்.

கதவைத் திறந்த அம்மாளுக்குக் கழுத்தில் அளவு நாடா, உதட்டு இடுக்கில் வரிசையாகக் குண்டூசி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். ஊசிகளை எடுக்காமலே பேசினார். "புதுசாத் தைக்கவா, பழசைத் திருத்தவா?"

"விசாரிக்க" என்றான் ரேடியோ.

"விசாரணை எல்லாம் நாங்க தைக்கறதில்ல."

"அம்மா, மேல் வீட்ல இருந்தவங்க, அந்த நண்டு கேம்..."

அவ்வளவுதான். தையல்காரம்மா அத்தனை ஊசியையும் உள்ளங்கையில் துப்பினார். "அந்த எழவெடுத்த நண்டா? உள்ள வாங்க. உக்காருங்க. இத்தனை வருஷமா இதைக் கேக்க ஒரு நாதி வராதான்னு காத்திட்டு இருக்கேன்!"

உட்கார ஒரே ஒரு முக்காலிதான் இருந்தது. மற்ற இடமெல்லாம் துணி. மேடம் முக்காலியில் அமர, ரேடியோ திரைச்சீலைக் குவியல் ஒன்றின் மேல் அமிழ்ந்தான்.

"மொட்டைமாடியில ஒரே ஒரு ஆன்டெனா. அதுலேருந்து அவங்களுக்கு ஒரு வயர், எனக்கு ஒரு வயர்" என்று ஆரம்பித்தார் தையல்காரம்மா. "அவங்க கம்ப்யூட்டரை டிவியில மாட்டினா, அந்தக் கருமம் வயர் வழியா இறங்கி என் டிவியில வந்து நிக்கும். மத்தியானம் வேலையை முடிச்சிட்டுத் தொடர் பார்ப்பேன். ஒரு நாள் கதாநாயகி விஷம் குடிக்கப் போறா. டம்ளரை வாய்கிட்டக் கொண்டு போறா. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. அப்பப் பார்த்து அவ மூக்கு மேல நண்டு ஏறுது! படம் போச்சு, சத்தம் போச்சு. அவ குடிச்சாளா, குடிக்கலையா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது சார்!"

"அடப்பாவமே" என்றான் ரேடியோ, மனப்பூர்வமாக.

"விளக்குமாத்துக் கட்டையால கூரையை இடிப்பேன். கொஞ்ச நேரம் நிக்கும். மறுபடி வரும்."

மேடம் மெதுவாகக் கேட்டார். "அந்த நேரத்துல பையன் என்ன பண்ணிட்டு இருப்பான்?"

"அவனா? கீழ தெருவுல பந்தடிச்சிட்டு இருப்பான். என் ஜன்னல் கண்ணாடியை உடைச்சவனே அவன்தான். இந்தப் பக்கம் திரும்பினா டிவியில நண்டு, அந்தப் பக்கம் திரும்பினா ஜன்னல்ல அவன். எனக்கு ரெண்டு பக்கமும் இடி."

"நண்டு முதல்லேருந்தே நண்டு மாதிரியேதான் இருந்துச்சா?"

"எங்க! முதல்ல வெறும் கட்டம். ஏதோ தூசின்னு டிவியைத் துணி வெச்சுத் துடைச்சேன். அப்புறம் கட்டத்துக்கு ரெண்டு கொடுக்கு. அப்புறம் ஒவ்வொரு காலா முளைச்சுது. ஒரு நாள் தலைகீழா நடந்துச்சு. மறுநாள் சரியா நடந்துச்சு. நடுநடுவுல எழுத்தா வரும், போகும்."

மேடம் ரேடியோவைப் பார்த்தார். ரேடியோவுக்கே புரிந்துவிட்டது. "சும்மா விளையாடறவங்க நண்டுக்குக் கால் முளைக்காதே மேடம்! பையன் தெருவுல இருக்கறப்ப மேல நண்டை யாரோ செஞ்சிட்டு இருந்திருக்காங்க."

"பரவாயில்லையே, சில சமயம் உனக்கு ஸ்டேஷன் எடுக்குது" என்றார் மேடம். பிறகு தையல்காரம்மாவிடம் திரும்பினார். "இந்தப் பாட்டுப் பெட்டி எங்க வாங்கினீங்க?"

"நான் எங்க வாங்கினேன்? அந்தப் பொண்ணோட அம்மா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறப்ப, நண்டுத் தொல்லைக்கு மன்னிச்சுக்கங்கன்னு கையில கொடுத்துட்டுப் போனாங்க. இதுவும் ஒரு தொல்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் போர்வைக்குள்ளேருந்து வர்ற மாதிரியே வருது."

ரேடியோ திரைச்சீலைக் குவியலிலிருந்து எழ முயன்று தோற்றான். சாய்ந்த தலை! அதுதான் பாட்டை மொத்தையாக்குகிறது! வாசலில் அதைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டு, மேடம் இத்தனை நேரம் கல்லுளிமங்கியாக உட்கார்ந்திருந்தார்.

"ரிப்பேருக்குக் கொடுக்கலையே?" மேடத்தின் குரலில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது.

"நான் எதுக்குக் கொடுக்கணும்? கொடுத்தவங்க வந்து சரி பண்ணட்டும்னு வீம்பா அப்படியே வெச்சிருக்கேன். உள்ள பெல்ட்டு ஒண்ணு அறுந்துச்சு, அதுக்கு மட்டும் எலாஸ்டிக் தெச்சுப் போட்டேன்."

"அம்மா, உங்க வீம்புக்குக் கோடி கும்பிடு" என்றான் ரேடியோ. "இதைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போலாமா?"

"வீட்டை விட்டு வெளிய போகாது. வேணுங்கறவங்க இங்க வரட்டும்."

அப்படித்தான் அன்று மத்தியானம் அந்தத் தையல் அறையில் நெரிசல் உண்டாயிற்று.

கையுறை, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஒரு பெட்டியில் ரப்பர்ப் பொத்தான் வைத்த அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். கேசட்டை எடுப்பதென்றால் கொடுத்தவரும் உடன் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். ஆகவே சேர்மனும் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வந்தது. முக்காலியில் உட்கார்ந்ததுமே அவருடைய விலை உயர்ந்த பேன்ட் முழுக்க நூல் பிசிறு ஒட்டிக்கொண்டது. டாக்டர் யாரோடும் பேசாமல், கைப்பையை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றார்.

தையல்காரம்மா சேர்மனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, என் ஜன்னலுக்கு எப்பக் கண்ணாடி போட்டுத் தரப் போறே?"

இரண்டாயிரம் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அந்த மனிதர் முக்காலியில் நெளிந்தார்.

ஆனால் வாயில் வல்லவர்தான். கால் முளைத்த கதையை மேடம் சொல்லி முடித்ததும் அசராமல் பதில் வந்தது. "நான் பேப்பர்ல எழுதிக் கொடுப்பேன், அக்கா உக்காந்து டைப் அடிப்பா. அதனாலதான் நான் தெருவுல, நண்டு டிவியில. டைப் அடிச்சவங்க எல்லாம் எழுதினவங்க ஆயிடுவாங்களா?"

"டேய்! உனக்கு அப்ப ஏழாம் வாய்ப்பாடே வராதுடா!" என்றார் டாக்டர்.

"இப்பவும் வராது. அதுக்கு ஆள் வெச்சிருக்கேன்."

கையுறை தொண்டையைச் செருமினார். "இது வாய் வார்த்தைக்கு வாய் வார்த்தை. நண்டு நொண்டுதான்னு பார்த்துடலாம்."

டிவிக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தபோது, எல்லோர் பார்வையும் மூலையில் இருந்த குண்டு டிவியின் மேல் விழுந்தது. "மறுபடியும் என் டிவியிலயா!" என்று தையல்காரம்மா நெஞ்சில் கை வைத்தார். மேடம் ஏதோ காதில் சொல்லிச் சமாதானப்படுத்தினார்.

டாக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வயரைச் சொருகினார். ரப்பர்ப் பொத்தான்களைப் பார்க்காமலே தட்டினார். கேசட்டைப் போட்டு, ரெக்கார்டரை முடுக்கினார். டிவித் திரையின் நாலு ஓரத்திலும் வண்ணக் கோடுகள் ஓடத் தொடங்கின.

கோடுகள் ஓடின. நின்றன. கொஞ்சம் கழித்து மறுபடி ஓடின. நின்றன. திரையின் நடுவில் நண்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

டாக்டர் கைப்பையிலிருந்து பல்லைக் குடையும் மெல்லிய கருவி ஒன்றை எடுத்து, அந்தக் குட்டித் திருகாணியை ஒரு மயிரிழை நகர்த்தினார். முதலிலிருந்து ஓட்டினார். ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் ஒரு மயிரிழை. ஒன்றும் இல்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது.

"எலாஸ்டிக் போட்டதாலயா?" என்று தையல்காரம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லம்மா. எலாஸ்டிக்னா தப்பாவாவது ஏதாவது ஏறும். இதுல ஏறறதுக்கே ஒண்ணும் இல்ல" என்ற டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். "காலி டேப்."

சேர்மன் எழுந்தார். ஜெயித்த ஆள் மாதிரி எழவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அக்காவின் தோளில் கை வைத்தார். "விடுக்கா. ரொம்ப நாள் ஆச்சு. எல்லாருக்கும் எல்லாம் குழம்பித்தான் போகும்."

அந்தக் கையை டாக்டர் தட்டிவிட்டார். "அப்ப நான் பொய் சொல்றேனா? நொண்டி நண்டு நான் கண்ட கனவா? இத்தனை வருஷமும் எனக்குப் பைத்தியமா?"

கையுறை பெட்டியைத் திறந்து, கம்ப்யூட்டரை உள்ளே வைக்கத் துணியை விரித்தார். எந்தத் துக்க வீட்டிலும் ஒரு ஜோக் சொல்லி உதை வாங்குகிற ரேடியோவுக்கே டாக்டரின் குனிந்த தலையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மேடம் மட்டும் மனிதர்களைப் பார்க்கவே இல்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர், இந்தக் கோடெல்லாம் என்ன?"

"டேப்புல சத்தம் இருந்தா கோடு வரும். சத்தம் இல்லேன்னா நிக்கும்" என்றார் டாக்டர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"காலி டேப்னா கோடே வரக்கூடாதே?"

"...வரக்கூடாது."

"நல்ல புரோகிராம்னா?"

"நிக்காம, ஒரே சீரா ஓடும்."

"இது ரெண்டும் இல்ல. நானும் பார்த்துட்டே இருக்கேன். மெல்லிசா கொஞ்சம் வருது, நிக்குது. அப்புறம் தடிமனா கொஞ்சம் வருது, நிக்குது. திரும்ப மெல்லிசு. திரும்பத் தடிமன்." மேடம் முன்னால் குனிந்தார். "யாரோ ஏதோ கேக்கறாங்க. யாரோ பதில் சொல்றாங்க."

அந்த நேரம் பார்த்துத் திரையின் ஓரத்தில் சேர்ந்தாற்போல் சில கோடுகள் வெட்டின. டப், டப், டப் என்று யாரோ எதையோ இடித்தது மாதிரி. தையல்காரம்மாவின் கை தன்னையறியாமல் மூலையில் சாய்ந்திருந்த விளக்குமாற்றைத் தேடியது.

"இந்த டேப்பை எல்லாரும் கம்ப்யூட்டருக்குப் போட்டுக் காட்டியிருக்கீங்க. ஒருத்தராவது காதால கேட்டீங்களா?" என்றார் மேடம். "ரேடியோ, முதல்லேருந்து சுத்தி, அந்த வயரைப் புடுங்கு!"

ரேடியோ சுற்றினான், பிடுங்கினான். அதுவரை வயர் அடைத்துவைத்திருந்த ஸ்பீக்கரில் முதலில் ஒரே இரைச்சல். பிறகு எலாஸ்டிக்கின் இழுப்புக்கு ஏற்றபடி கொஞ்சம் நெளிந்து நெளிந்து, ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது.

'வயரைத் தொடாதடா. சேவ் ஆயிட்டு இருக்கு.'

'அக்கா, நண்டு ஏன்க்கா இப்படி நடக்குது?' இது பையனின் கீச்சுக் குரல்.

'நொண்டுதுடா. சிப்பி விழுந்தா இனிமே சாகாது. ஒரு கால் மட்டும் போகும். பாவம், பொழைச்சுப் போகட்டும்னு மாத்திட்டேன்.'

'எப்படிக்கா இதெல்லாம் பண்றே?'

'நீ பந்தடிக்கற நேரத்துல பண்றேன்.'

கையுறை விரித்த துணியை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டப் டப் டப் என்று இடி கேட்டது. தொடர்ந்து தரைக்குக் கீழிருந்து, தொலைவில், ஒரு பெண்ணின் கத்தல்: 'ஏய்! நண்டை நிறுத்துங்க! அவ விஷம் குடிக்கப் போறா!'

"நான்தான்! அது என் குரல்!" என்று தையல்காரம்மா கூவினார். "அன்னிக்கு! அதே அன்னிக்கு!"

"உஷ்" என்றார் மேடம்.

டேப்பில் பையனின் குரல் இறங்கியிருந்தது. 'அக்கா... அந்தப் போட்டிக்கு இதை என் பேர்ல அனுப்பட்டுமா?'

'ஏன்டா?'

'கணக்குல மறுபடியும் ஃபெயில். அப்பா என்கிட்டப் பேசறதே இல்ல. இதை நான் பண்ணினேன்னு சொன்னா ஒரு தடவையாவது என்னைப் பார்த்துச் சிரிப்பாருல்ல?'

பிறகு அந்தப் பெண்பிள்ளை சொன்னது:

'சரி, அழாத. எடுத்துக்கோ. மூக்கைத் துடை. ஆனா ஒண்ணு, நான் திருப்பிக் கேட்டா கொடுத்துடணும்.'

'எப்பக்கா கேப்பே?'

'தெரியல. எப்பவாவது கேப்பேன்.'

'எப்பக் கேட்டாலும் கொடுத்துடறேன். சத்தியமா.'

டொக்கென்று ஒரு சத்தம். அத்தோடு டேப் முடிந்தது.

டாக்டர்தான் முதலில் பேசினார், நோயாளிக்கு எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குவதுபோல் நிதானமாக. "சேவ் பண்றப்ப ஒரு வயரை எடுத்துட்டு இன்னொரு வயரைச் சொருகணும். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் வெச்சிருந்த எல்லாருமே ஒரு தடவையாவது இதை மறந்திருப்பாங்க. மறந்தா, கம்ப்யூட்டர் சொல்றதை விட்டுட்டு, ரெக்கார்டர் அறைக்குள்ள பேசறதைப் பதிஞ்சிடும். என் நொண்டி நண்டு பதியவே இல்ல. அன்னிக்கே போயிடுச்சு." அதற்குமேல் நிதானம் தாங்கவில்லை. "நானே கொடுத்திருக்கேன். நானே கொடுத்துட்டு, திருடிட்டான் திருடிட்டான்னு ஊரெல்லாம் சொன்னேனே!"

சேர்மன் பேன்டில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நீ கொடுத்தது எனக்கு ஞாபகம் இருந்துச்சுக்கா. திருப்பிக் கேப்பேன்னு சொன்னதுதான் மறந்துபோச்சு."

"மறந்துச்சா, மறக்கறது வசதியா இருந்துச்சா?" என்று தையல்காரம்மா பட்டென்று கேட்டார்.

இத்தனை வருடம் மேடை மேடையாக ஏறிப் பேசிய சேர்மனின் வாய், ஒரு கீச்சுக் குரல் பையனிடம் தோற்று மூடிக்கொண்டது.

டாக்டர் தரையிலிருந்து எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. தம்பியின் எதிரில் போய் நின்று, கையை நீட்டினார்.

"கேக்கறேன்டா. இப்பக் கேக்கறேன்."

நீட்டிய கையைச் சேர்மன் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எடுத்துக்கோக்கா" என்றார். பிறகு கையுறையின் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். "பலகையில அக்கா பேரைப் போடுங்க."

"சந்தோஷமாப் போடறேன் சார். ஆனா நாளைக் காலையில திறப்பு விழா" என்று கையுறை கையைப் பிசைந்தார். "பித்தளையில ஆழமா வெட்டியாச்சு. அதை அழிச்சு, புதுசா வெட்ட இனிமே ஆளுக்கு எங்க போறது?"

"நண்டுக்குப் பதில் கிடைச்சாச்சு. அவ குடிச்சாளா இல்லையான்னு யாராவது சொல்றீங்களா?" என்று தையல்காரம்மா நடுவில் புகுந்தார்.

"குடிக்கல ஆன்ட்டி" என்றார் சேர்மன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மறுவாரம் பந்தெடுக்க வந்தப்ப எதிர்வீட்டு ஜன்னல் வழியாப் பார்த்தேன். உயிரோடதான் இருந்தா. கல்யாணம் வேற நடந்துட்டு இருந்துச்சு."

"அப்பாடா!" என்று தையல்காரம்மா முக்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

டாக்டர் இதற்குள் கைப்பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். முகம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். வரிசை தப்பாத பல்வரிசை.

"பலகையை என் கிளினிக்குக்குக் கொண்டு வாங்க. டிரில்லு என்கிட்டயே இருக்கு. தம்பி, நீயும் வந்து பக்கத்துல நில்லு. உன் பேரை எடுக்கறப்ப பார்க்கணும்ல?"

சேர்மன் தாடையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப வலிக்குமாக்கா?"

"கொஞ்சமா வலிக்கும்டா" என்றார் டாக்டர், தினமும் எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்.